பக்கத்து நாற்காலி

சில காலத்துக்கு முன் மன்னார்ப் பட்டினத்தில் ஒரு திருமண வீட்டிற்குச் சென்றிருந்தேன். பந்தலின் கீழ் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவருக்கு என்னை அறிமுகஞ் செய்து வைத்த நண்பர், "இவர்தாம் எங்கள் கல்லூரியின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக இருந்தவர்" என்றார். அருகில் நின்ற அவருடைய மகன் உண்மையில் மிகுந்த பற்றுள்ளவன் போலும். "இல்லை அப்பா, உதவிப் பயிற்றுநர்" என்று திருத்தினான். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உதவியோ?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லிலே தொனித்த ஏமாற்றம் எனக்கு நன்கு விளங்கிற்று. ஆயினும் எனக்குச் சிரிப்பே வந்தது. இருபத்தாறு ஆண்டுகள் அந்த "உதவி"யைச் சுமந்து திரிந்தவன் நான். அச்சொல்லின் பொருளை நான் அறிந்துகொண்ட வரலாற்றையே இங்கு எழுத முற்படுகின்றேன். அதிலே பெருமைப்படத்தக்கது சிறிதளவு உண்டு. வெட்கப்படத்தக்கது ஒன்றும் உண்டு. இரண்டையும் மறையாது சொல்லுதல் முறையாகும்.

எங்கள் தீவைப் பாராத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். மணலும் பனையும், தெருவிலே கூட்டங் கூட்டமாகத் திரியும் கழுதைகளும், பள்ளிமுனையில் பருத்து நிற்கும் பெருக்கமரமும், போர்த்துக்கேயர் 1560 ஆம் ஆண்டிற் கட்டிய கோட்டையும் மன்னார்த் தீவின் அடையாளங்கள். என் தந்தையார் தலைமன்னாரில் புகையிரதப் பகுதியிற் பணியாற்றியவர். 1914 ஆம் ஆண்டிலே தொடங்கிய கப்பற் போக்குவரத்து, 1964 ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும், இராமேசுவரத்துக்கென்று 1984 வரை நடைபெற்றது. சிறுவனாக இருந்த காலத்தில் துறைமுகப் பாலத்தடியில் நின்று, மூட்டை முடிச்சுகளுடன் இறங்கும் பயணிகளை வேடிக்கை பார்த்தவன் நான். பின்னர்க் கப்பல் நின்றது. 1990 இற் புகையிரதமும் நின்றது. மீண்டும் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்து சேர 2015 ஆம் ஆண்டு வரை காத்திருந்தோம். காத்திருத்தல் என்பது எங்கள் தீவினருக்குப் பழகிப்போன தொழில். ஓர் உதவிப் பயிற்றுநருக்கும் அதுவே முதற்பாடம்.

எங்கள் கரையோரக் கிராமங்களிலே விளையாட்டு என்றால் அது உதைபந்தாட்டந்தான். பேசாலையிலோ பள்ளிமுனையிலோ ஒரு பிள்ளை நடக்கப் பழகிய மறுநாளே பந்தை உதைக்கப் பழகிவிடும். அத்தகைய மண்ணிலே கூடைப்பந்தைக் கொண்டு வந்து நாட்டுவது, உப்பளத்தில் நெல் விதைப்பது போன்றதென்று பலர் நகைத்தனர். நகைத்தவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வதுண்டு. இவ்விளையாட்டை உண்டாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர். 1891 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், அமெரிக்காவிலே ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் ஊரில், குளிர் காரணமாக வெளியிற் செல்ல இயலாது அடங்காமல் நின்ற பதினெட்டு மாணாக்கரை அடக்குவதற்காக அவர் இதனை வகுத்தார். மண்டபத்தின் மேல்மாடத்தில் இரண்டு பழக்கூடைகளை அறைந்தார். மேல்மாடம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தமையால், இன்றும் உலகெங்கும் வளையத்தின் உயரம் பத்தடியே. பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். முதன்முதலில் அவர்கள் எறிந்த பந்து எது தெரியுமா? உதைபந்து! "ஆகவே நாம் அந்நியர் வீட்டுக்குச் செல்லவில்லை, நம்முடைய பந்தைத்தான் வேறு விதமாகப் பயன்படுத்துகின்றோம்" என்று சொல்லிப் பிள்ளைகளை அழைத்து வருவேன்.

நான் எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் விடுதியிலே தங்கிப் படித்த காலத்தில் இவ்விளையாட்டைப் பழகினேன். என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். ஆகையால் நான் விளையாடியதிலும் பார்க்க, ஓரத்தில் உட்கார்ந்து பார்த்ததே அதிகம். உட்கார்ந்து பார்ப்பவனுக்கு ஆடுபவன் காணாத சில விடயங்கள் தெரியும் என்பதை அப்போதே ஒருவாறு உணர்ந்தேன். பிற்காலத்திற் கணித ஆசிரியனாகத் தீவுக்குத் திரும்பினேன். 1997 ஆம் ஆண்டில் எங்கள் கல்லூரிக்குப் புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர், ஒரு மாலை என்னை மைதானத்துக்கு அழைத்தார். "தம்பி, எனக்கு ஓர் ஆள் வேண்டும். சம்பளம் இல்லை. பெயரும் பெரிதாக வராது. வருவீரா?" என்று கேட்டார். இவ்வளவு நேர்மையாக எவரும் என்னை ஒரு வேலைக்கு அழைத்ததில்லை. சம்மதித்தேன்.

உதவிப் பயிற்றுநரின் வேலை யாதென்று பலர் கேட்பர். காலையிற் பந்துகளுக்குக் காற்றடித்தல். சீமெந்துத் தளத்திலே படிந்த மணலைக் கூட்டுதல். வராத பிள்ளையின் வீட்டைத் தேடிச் செல்லுதல். தகப்பன் கடலுக்குப் போயிருந்தால் தாயிடமும், தாய் சந்தைக்குப் போயிருந்தாற் பாட்டியிடமும் பேசுதல். பஸ் கட்டணத்துக்கு வழி காணுதல். கிழிந்த சப்பாத்தைத் தைப்பித்தல். போட்டியின்போது யார் எத்தனை எறிந்தான், எத்தனை தவறவிட்டான் என்று கோடு கீறுதல். இவையெல்லாம் வெளியே தெரியும் வேலைகள். தெரியாத வேலை ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுவேன்.

எங்கள் தளத்துக்குக் கூரை இல்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரையிற் சோளகக் காற்று வீசும். வளையத்தின் விட்டம் 45 சதமமீற்றர். பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 சதமமீற்றர். ஆகவே பந்து மேலெழுந்து வளைந்து இறங்கினால் வாயில் அகலமாகத் தோன்றும். தட்டையாகச் சென்றால் வாயில் ஒடுங்கிவிடும். முப்பத்திரண்டு பாகைக்குக் குறைந்த சாய்வில் வரும் பந்து விளிம்பிலே தொடாமல் உள்ளே நுழைய முடியாது. இதனைக் கணித வகுப்பிற் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். மாலையில் மைதானத்தில் எறிந்து காட்டுவேன். ஆனாற் சோளகத்திலே உயரப் போகும் பந்தைக் காற்றுக் கொண்டு போய்விடும். எனவே வளையத்துக்கு அருகே சென்று, பின்பலகையில் மெல்லத் தட்டி விழுத்தும் முறையையே எங்கள் பிள்ளைகளுக்குப் பழக்கினோம். வெளியூர் அணிகள் எங்கள் தளத்துக்கு வந்து, தங்கள் பந்து கடற்பக்கமாகப் பறப்பதைக் கண்டு திகைத்து நிற்கும். அதே காற்றுக்காகத்தான் இன்று தீவின் தென்கரையோரம் முப்பது காற்றாலைகள் நிற்கின்றன. 2020 ஆம் ஆண்டில் அவை இயங்கத் தொடங்கியபோது, "எங்கள் எறிகளைக் கெடுத்த பாவத்துக்குக் காற்று இப்போது வேலை செய்து தீர்க்கிறது" என்று பிள்ளைகள் சொல்லிச் சிரித்தார்கள்.

கூரையில்லாத தளத்தை எண்ணி அவர்கள் மனஞ் சோர்ந்தபோதெல்லாம், 1936 ஆம் ஆண்டுப் பெர்லின் ஒலிம்பிக் போட்டியை நினைவூட்டுவேன். கூடைப்பந்தாட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதல் இடம்பெற்ற ஆண்டு அது. இறுதிப் போட்டி திறந்த வெளியில், மண் தரையில், கொட்டும் மழையில் நடந்தது. சேற்றிற் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8 என்ற எண்ணிக்கையுடன் ஆட்டம் முடிந்தது. உலகத்தின் முதலாவது ஒலிம்பிக் வெற்றி சேற்றிலே பெறப்பட்டதென்றால், மணலைக் கூட்டிவிட்டு விளையாடும் நமக்கு என்ன குறை?

இனி, முன்னர்ச் சொல்லாது விட்ட வேலைக்கு வருகின்றேன். ஆட்டக்களத்தின் ஓரத்தில் தலைமைப் பயிற்றுநருக்கு ஒரு நாற்காலி. அதன் பக்கத்தில் உதவியாளனுக்கு ஒன்று. ஆட்டம் நடக்கும்போது இருவரில் ஒருவர் மாத்திரமே எழுந்து நிற்கலாமென்பது விதி. நிற்பவர் எப்போதும் அவரே, நான் உட்கார்ந்திருப்பவன். நிற்பவரின் கண் பந்தின் மேலும் எதிரணியின் மேலும் இருக்கும். உட்கார்ந்திருப்பவனின் கண் நம் பிள்ளைகளின் மேல் இருக்க வேண்டும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் கோபத்தில் ஆடுகிறான், யார் காலை இழுத்து வைக்கிறான் என்று பார்த்து, பார்த்ததை உள்ளபடி அவர் காதிற் சொல்ல வேண்டும். அந்த நாற்காலி அதற்காகவே போடப்பட்டிருக்கிறது. இதனை நான் அறிந்துகொள்வதற்கு ஒரு பிள்ளையின் முழங்கால் விலையாயிற்று.

2005 ஆம் ஆண்டு. யுத்த நிறுத்தம் நிலவிய காலமாகையால் எங்கள் அணி வெளியே சென்று ஆட முடிந்தது. வவுனியாவில் ஒரு முக்கியமான போட்டி. எங்கள் அணியின் உயிர்நாடியாக விளங்கியவன் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த பதினேழு வயதுப் பையன். அவன் தகப்பனார் கரைவலை இழுப்பவர். அதிகாலையில் தகப்பனுடன் வலை இழுத்துவிட்டுப் பாடசாலைக்கு வந்து, மாலையில் எங்களுடன் நிற்பான். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, பயிற்சியிலே துள்ளி இறங்குகையில் அவனுடைய வலது முழங்கால் சற்றுத் திரும்பிவிட்டது. எழுந்து நடந்தான். ஆனால் மறுநாள் முழங்கால் வீங்கியிருந்ததை நான் கண்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஸ்டர், பெரிய மாஸ்டருக்குச் சொல்லாதையுங்கோ. ஒன்றுமில்லை, எண்ணெய் போட்டால் சரியாகிவிடும்" என்றான்.

போட்டியன்று காலை, தலைமைப் பயிற்றுநர் என்னிடம் வந்தார். "தம்பி, எல்லாரும் சுகந்தானே?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை இன்றும் மறக்க முடியவில்லை. அவனுக்காக இரங்கியே மௌனமாக இருந்தேன் என்று பல காலம் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அது முழு உண்மையன்று. அவன் ஆடாவிட்டால் நாங்கள் வெல்ல மாட்டோமென்பது எனக்குத் தெரியும். வெற்றியின்மேல் எனக்கும் ஆசை இருந்தது. "சுகந்தான் மாஸ்டர்" என்றேன்.

பிற்பாதி ஆட்டத்தில், பின்பலகையில் மோதித் திரும்பிய பந்துக்காக அவன் துள்ளினான். பந்தைப் பிடித்தும் விட்டான். இறங்கியபோது காலில் நிற்கவில்லை. அவன் போட்ட சத்தம் மைதானத்தை ஒரு கணம் அடக்கிற்று. முழங்காலின் உள்ளே எலும்புகளை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் நார் அறுந்துவிட்டதென்று பின்னர் வைத்தியர் சொன்னார். சத்திர சிகிச்சை செய்வித்து மாதக்கணக்கில் ஓய்வும் பயிற்சியும் பெற்றால் ஓரளவு மீளலாமாம். கொழும்பிலே தங்கி அத்தனையும் செய்வதற்கு அக்குடும்பத்திடம் பணமும் இல்லை. வலையை விட்டு நிற்கக் காலமும் இல்லை. அன்று நாங்கள் மூன்று புள்ளிகளால் வென்றோம். அந்தக் கேடயம் கல்லூரியின் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. அதன் முன்னாற் செல்லும்போது நான் மறுபுறம் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

திரும்பும் வழியில், முருங்கனைத் தாண்டி வண்டி இருளில் வந்துகொண்டிருந்தது. தலைமைப் பயிற்றுநரின் அருகே சென்று நடந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெகுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, ஆடுகிற பையன் ஆட விரும்பத்தான் செய்வான், அது அவன் வயது. அதனாற்றான் நான் அவனைக் கேட்கவில்லை. உம்மைக் கேட்டேன்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாட் காலை என்னையும் அழைத்துக்கொண்டு பையனின் வீட்டுக்குச் சென்று, தகப்பனாரின் முன்னால், "பிழை என்னுடையது ஐயா. நான் சரியாக விசாரிக்கவில்லை" என்று சொன்னார். நான் வாய் திறக்க முற்பட்டபோது என் தோளிற் கை வைத்து அழுத்தினார். தலைமை என்பது யாதென்று அன்று கற்றுக்கொண்டேன். ஆயினும் ஒரு வாரங் கழித்து நான் தனியே சென்று, தகப்பனாரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே கேட்டார். பிறகு ஒரு செம்பிலே தண்ணீர் கொண்டுவந்து தந்தார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன் பின்பு ஓர் அப்பியாசப் புத்தகம் வாங்கினேன். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரே, நேற்றிரவு தூங்கினானா, சாப்பிட்டானா, எங்கே நோகிறது என்று எழுதினேன். போட்டியன்று காலை அந்தப் புத்தகத்தைத் தலைமைப் பயிற்றுநரின் கையிற் கொடுப்பது வழக்கமாயிற்று. "சுகந்தான்" என்ற சொல்லை நான் மீண்டும் சொன்னதேயில்லை.

2012 இல் அவர் ஓய்வு பெற்றபோது, அதிபர் என்னைத் தலைமைப் பொறுப்பை ஏற்கும்படி கேட்டார். நான் மறுத்தேன். பணிவினாலன்று; எனக்கு எது வருமென்பது எனக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் பயின்று உடற்கல்வி ஆசிரியராகத் திரும்பி வந்த ஓர் இளைஞரைக் குறிப்பிட்டேன். மாணவனுக்குக் கீழே குரு வேலை செய்வதா என்று சிலர் முகஞ் சுளித்தனர். கன்சாஸ் பல்கலைக்கழகத்திலே நெய்ஸ்மித்திடம் ஆடப் பழகிய ஃபொக் அலன் என்னும் மாணவரே 1907 ஆம் ஆண்டில் அவருடைய இடத்துக்கு வந்தார். இன்னொரு வேடிக்கை: அங்கே பயிற்றுநராக நெய்ஸ்மித் பெற்ற வெற்றிகள் 55; தோல்விகள் 60. விளையாட்டைக் கண்டுபிடித்தவரே வென்றதிலும் தோற்றது அதிகம்! டெக்ஸ் வின்ட்டர் என்பவரோ பல்லாண்டுகள் தலைமைப் பயிற்றுநராக இருந்துவிட்டு, அறுபது வயதைக் கடந்த பின் 1985 இல் சிக்காகோ அணிக்கு உதவியாளராகச் சென்றார். தம்மிலும் மிக இளைய பில் ஜாக்சனின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, தம்முடைய முக்கோண ஆட்டமுறையை அவ்வணிக்குக் கற்பித்தார். அவர் அங்கிருந்த காலத்தில் அந்த அணி ஆறு முறை வாகை சூடிற்று. உட்காரும் இடத்தினால் ஒருவனுடைய அறிவு குறைந்துவிடுவதில்லை.

2017 ஆம் ஆண்டில் எனக்கு மற்றொரு சோதனை வந்தது. ஒரு இறுதிப் போட்டி. எங்கள் அணியின் உயரமான மாணவன் முற்பாதியில் மோதி விழுந்து, சீமெந்துத் தரையில் தலையை அடித்துக்கொண்டான். எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "இப்போது எண்ணிக்கை எவ்வளவு?" என்று கேட்டேன். விழித்தான். சற்றுப் பொறுத்து, "மாஸ்டர், நாங்கள் எந்தப் பக்கம் எறிகிறோம்?" என்று அவனே என்னைக் கேட்டான். தலையில் அடிபட்டு இவ்விதம் தடுமாறுபவனை அன்றைக்கு மீண்டும் ஆடவிடலாகாது; வைத்தியரிடமே கொண்டு செல்ல வேண்டும். இறுதி நிமிடங்களில் நாங்கள் பின்தங்கி நின்றோம். தலைமைப் பயிற்றுநர் திரும்பி அவனை இறங்கச் சொன்னார். அவன் எழுந்தான். அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக ஆட்டத்தின் நடுவே நானும் எழுந்து நின்றேன். "இவன் இறங்கமாட்டான்" என்று சொல்லி அவன் கையைப் பற்றிக்கொண்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஒரு புள்ளியால் தோற்றோம். பெற்றோர் சிலர் என்னுடன் பேசுவதை நிறுத்தினர். தலைமைப் பயிற்றுநரும் இரண்டு வாரங்கள் முகங்கொடுக்கவில்லை. பின்னர் ஒரு மாலை, நான் தளத்தைக் கூட்டிக்கொண்டிருக்கையில், அவர் மற்றொரு விளக்குமாற்றை எடுத்து வந்து மறுபுறமிருந்து கூட்டத் தொடங்கினார். நடுவிலே சந்தித்தபோது, "மாஸ்டர், அந்தப் புத்தகத்தை இனி எனக்கும் காட்டிப் பழக்குங்கள், நீங்கள் போன பிறகு நான் எழுத வேண்டுமே" என்றார்.

2023 ஆம் ஆண்டில் அறுபது வயது நிறைந்து ஓய்வு பெற்றேன். பிரியாவிடையிலே மாலையிட்டார்கள், பேசினார்கள். எல்லாம் முடிந்து நான் சைக்கிளை எடுக்கும் நேரத்தில், வாசலில் ஒருவர் காத்து நின்றார். வலது காலைச் சற்றுச் சாய்த்து வைத்து நிற்கும் அந்தத் தோற்றத்தைக் கண்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. அவருக்கு இப்போது சொந்தமாக ஒரு படகு உண்டு. முந்திய ஆண்டு மண்ணெண்ணெய் கிடையாமற் படகு கரையிலேயே கிடந்த கதையைச் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். பதினொரு வயதிருக்கும், வயதுக்கு மிஞ்சிய உயரம். 2018 ஆம் ஆண்டில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் எங்கள் வடபுலத்துத் தர்ஜினி சிவலிங்கம் ஆடியதைப் படத்திற் பார்த்த நாள் முதல் பந்தும் கையுமாகத் திரிகிறாளாம். வலைப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் வளையத்தின் உயரம் ஒன்றேயென்று அவளுக்குச் சொன்னேன். அண்ணாந்து பார்த்தாள்.

"மாஸ்டர், நீங்கள் ஓய்வு பெற்றாலும் பின்னேரங்களில் வருவீர்கள்தானே?" என்று கேட்டார் தகப்பன்.

"வருவேன்" என்றேன்.

அவர் சிறிது தயங்கினார். பிறகு, "இவள் என்னைப் போலத்தான். நோ இருந்தாலும் சொல்லமாட்டாள். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். தகப்பனார் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார் என்பது விளங்கிற்று. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு செம்புத் தண்ணீருடன் விடை தெரியாமல் திரும்பி வந்த கேள்விக்கு அன்று விடை கிடைத்தது.

இப்போதும் பின்னேரங்களில் மைதானத்துக்குச் செல்கின்றேன். சோளகம் வீசுகிறது. பழைய அப்பியாசப் புத்தகங்கள் முடிந்து, புதிய புத்தகத்தின் முதற்பக்கத்தில் அச்சிறுமியின் பெயர் இருக்கிறது. எழுதுபவர் தலைமைப் பயிற்றுநர். நான் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்க்கின்றேன்.